கம்பியும் ஆளியும்: தெற்காசிய மின்சாரச் சந்தை பற்றிய சில விமர்சனக் குறிப்புகள்

சந்தை என்றால் என்னவென்று எங்கள் ஆட்களுக்குப் பொருளியல் புத்தகம் விரித்துக் காட்டத் தேவையில்லை. சுன்னாகம் சந்தைக்கோ கொடிகாமம் சந்தைக்கோ நாலு தரம் போய்வந்தவருக்கு அது தெரியும். விலை கட்டாவிட்டால் வாழைக்குலையைத் திரும்பவும் சைக்கிளில் கட்டிக்கொண்டு அடுத்த சந்தைக்குப் போகலாம். தராசில் ஐமிச்சம் வந்தால் முறையிட ஓர் இடம் உண்டு. சந்தையின் படலையைப் பூட்டும் உரிமை அங்கு விற்க வந்த பெரிய வியாபாரியிடம் இருப்பதில்லை. இந்த மூன்றும் இல்லாத இடத்தில் கொடுக்கல் வாங்கல் நடக்கலாம். அதைச் சந்தை என்று எவரும் சொல்வதில்லை.

'தெற்காசிய மின்சாரச் சந்தை' என்ற தொடர் சில ஆண்டுகளாக அமைச்சர்களின் உரைகளிலும் வங்கிகளின் அறிக்கைகளிலும் அடிபடுகிறது. 2025 ஏப்ரல் 5 ஆம் திகதி இந்தியப் பிரதமர் கொழும்பில் நின்றபோது, இரு நாட்டு மின்வலைகளையும் உயர் அழுத்த நேரோட்டக் கம்பியால் இணைத்து மின்சாரத்தை ஏற்றுமதி இறக்குமதி செய்வதற்கான புரிந்துணர்வு உடன்படிக்கை கையெழுத்தானது. அதன் பின் எமது மக்களிடையே, ஊரிலும் இங்கு ரொறன்ரோவிலும், இரண்டு குரல்கள் கேட்கின்றன. கம்பி வந்தால் வடக்குக்கு விடிவு என்கிறது ஒன்று. கம்பி வழியாக டில்லி தீவையே விழுங்கிவிடும் என்கிறது மற்றது. இரண்டும் எதிரெதிரானவைபோல் தோன்றினாலும் இரண்டுமே கம்பியை மட்டுமே பார்க்கின்றன. கம்பியின் நுனியில் இருக்கும் ஆளியைப் பார்ப்பதில்லை. அது யார் கையில் இருக்கப்போகிறது, எந்த விதியின்படி அவர் அதை அமத்தலாம் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இது வெறும் உருவகமும் அல்ல. சாதாரண ஆடலோட்டக் கம்பியில் மின்சாரம் பௌதிக விதிப்படி தன் பாட்டில் பாய்ந்து போகும். நேரோட்ட இணைப்பில் அப்படியல்ல. இரு முனைகளிலும் உள்ள மாற்றி நிலையங்களில் எவ்வளவு, எந்தப் பக்கம் என்று மனிதர் தீர்மானித்த அளவுதான் பாயும். இதில் ஒரு நன்மையும் உண்டு: ஒரு நாட்டின் மின்வலையில் நேரும் குழப்பம் மற்ற நாட்டுக்குத் தொற்றுவது குறைவு. ஆனால் அதனாலேயே, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது கம்பியின் தடிப்பைவிட முக்கியமாகிவிடுகிறது.

1. 'லாம்' என்ற விகுதி

எழுதப்பட்டிருப்பதை முதலில் வாசிப்போம். தெற்காசிய மின்சாரச் சந்தைக்கு அத்திவாரம் எனப்படுவது, 2014 நவம்பர் 27 இல் காத்மண்டுவில் சார்க் மாநாட்டின் இறுதி நாளில் கையெழுத்தான மின்சார ஒத்துழைப்புச் சட்டக ஒப்பந்தம். மோட்டார் வாகனப் போக்குவரத்து, ரயில் போக்குவரத்து பற்றிய இரண்டு ஒப்பந்தங்களும் அன்று கையெழுத்தாக இருந்தன. பாகிஸ்தான் உடன்படாததால் அவை விழுந்தன. மாநாடு வெறுங்கையோடு முடியக்கூடாது என்ற அவசரத்தில் தப்பிப் பிழைத்தது மின்சார ஒப்பந்தம் மட்டுமே.

அதன் முக்கியமான இடங்களைத் தமிழில் சொல்லிப் பார்த்தால் ஒரு விகுதி திரும்பத் திரும்ப வருகிறது. உறுப்பு நாடுகள் விரும்பினால் எல்லை தாண்டிய மின்வணிகத்துக்கு இடமளிக்கலாம். தீர்வைகளிலிருந்து விலக்களிக்கலாம். பிணக்கு வந்தால் இணக்கமாகப் பேசவேண்டும். தீராவிட்டால் சார்க்கின் நடுவர் சபைக்குக் கொண்டு போகலாம். எல்லாம் 'லாம்'. இந்த 'லாம்'களின் மேல், எல்லாமே அந்தந்த நாட்டின் சட்டங்களுக்கு உட்பட்டவை என்ற நிபந்தனை வேறு. எட்டு நாடுகளைக் கட்டும் ஒப்பந்தம் ஒன்று எட்டு நாடுகளின் உள்நாட்டுச் சட்டங்களுக்கும் கீழே நிற்கச் சம்மதித்தால், அவற்றுள் பெரிய நாட்டின் சட்டமே நடைமுறையில் எல்லோருக்கும் சட்டமாகிறது.

நடந்ததும் அதுதான். சார்க் உச்சி மாநாடு 2014 க்குப் பின் கூடவில்லை. 2016 இல் இஸ்லாமாபாத்தில் நடக்கவிருந்த மாநாடு கைவிடப்பட்டது. எல்லை தாண்டிய மின்வணிகத்தை இன்று ஆள்பவை இந்திய மின்சார அமைச்சின் 2018 ஆம் ஆண்டு நெறிமுறைகளும், அவற்றைத் தொடர்ந்து வந்த 2021 ஆம் ஆண்டு நடைமுறை விதிகளும். இந்தியாவுடன் நில எல்லையைப் பகிர்ந்தும் மின்சார உடன்படிக்கை இல்லாத ஒரு நாட்டின் முதலீடு கலந்த நிலையத்திலிருந்து மின்சாரம் வாங்க அவை இடமளிப்பதில்லை. சீனா என்ற பெயரை எழுதாமலே எழுதிய விதி இது. இந்தியாவுக்கு அதன் பாதுகாப்புக் காரணங்கள் இருக்கலாம். ஆனால் அந்த விதியால் கட்டுப்படும் நேபாளத்துக்கு அதை எழுதிய மேசையில் ஒரு கதிரைகூட இருக்கவில்லை.

2. ஒற்றை வழியின் விலை

நேபாளத்தையும் பங்களாதேஷையும் பிரிப்பது சிலிகுரிப் பகுதியின் ஒடுங்கிய நிலத்துண்டு. மிக ஒடுங்கிய இடத்தில் இருபது கிலோமீற்றர் சொச்சம். கிளிநொச்சியிலிருந்து ஆனையிறவைத் தாண்டிப் போகிற தூரந்தான். மழைக்காலத்தில் நேபாளத்து ஆறுகளில் மின்சாரம் மிஞ்சுகிறது. அதே காலத்து வெக்கையில் டாக்காவுக்கு மின்சாரம் தேவை. இரு நாடுகளும் 2018 இலேயே புரிந்துணர்வுக்கு வந்தன. இந்தியாவையும் சேர்த்த முத்தரப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது 2024 ஒக்ரோபர் 3 இல். அளவு 40 மெகாவாற், காலம் ஆண்டுதோறும் ஜூன் நடுப்பகுதி முதல் நவம்பர் நடுப்பகுதி வரை. நவம்பர் 15 இல், அந்த ஆண்டுப் பருவத்தின் கடைசி நாளில், ஒருநாள் மட்டும் மின்சாரம் பாய்ந்தது. இருபது கிலோமீற்றரைத் தாண்ட ஆறு ஆண்டுகள்.

தாண்டியதே பெரிய காரியம் என்று சொல்வோர் உண்டு, நானும் மறுக்கவில்லை. பூட்டானைப் பாருங்கள் என்றும் சொல்வார்கள். அதுவும் நியாயமே. 1974 ஒப்பந்தப்படி இந்தியா அறுபது வீதம் நன்கொடையும் நாற்பது வீதம் கடனும் கொடுத்துக் கட்டிய சுக்கா நிலையம், 336 மெகாவாற், 1980 களின் இறுதியில் முழுமையாக இயங்கத் தொடங்கியது. மலைநாடு ஒன்றின் அரச வருமானத்துக்கே அது முதுகெலும்பாயிற்று. மாரியில் ஆறு வற்றும்போது பூட்டான் இந்தியாவிடமிருந்து வாங்கவும் செய்கிறது. அண்டை நாடுகள் மின்சாரம் பரிமாறுவது நல்லதா என்பது இங்கு விவாதமே அல்ல. நல்லதுதான். ஒரே ஒரு வாசல் உள்ளவன் அந்த வாசலில் நிற்பவனோடு என்ன விலை பேசமுடியும் என்பதே விவாதம்.

இதற்கு விடை தேட இமயமலைக்குப் போகவேண்டியதில்லை. நாம் வாழும் கனடாவிலேயே ஒன்று இருக்கிறது. லாப்ரடோரின் சேர்ச்சில் அருவி நிலையம் 5428 மெகாவாற் வலுவுள்ளது. அதன் மின்சாரம் பெரிய சந்தைகளுக்குப் போகக் கியூபெக் மாகாணத்தைக் கடந்தாகவேண்டும். அன்று வேறு வழி இருக்கவில்லை. அந்த நிலையில் 1969 மே மாதம் கையெழுத்தான ஒப்பந்தம், ஏறத்தாழ முழு மின்சாரத்தையும் யூனிற்றுக்குக் கால் சதம் அளவிலான விலையில் கியூபெக்கின் மின்நிறுவனத்துக்குக் கட்டிக்கொடுத்தது. நாற்பது ஆண்டு முடிந்ததும், 2016 முதல் இன்னும் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு, 0.2 சதத்தில் அது தானாகவே நீண்டது. எண்ணெய் விலை ஏறியது, மின்சார விலை ஏறியது. ஒப்பந்த விலை ஏறவில்லை. 2018 இல் கனடிய உச்ச நீதிமன்றமும் ஒப்பந்தத்தைத் திறக்க மறுத்தது. 2024 டிசம்பரில்தான் இரு மாகாணங்களும் புதிய விலைக்கான குறிப்பொன்றில் கையெழுத்திட்டன.

ஒரே நாட்டின் இரண்டு மாகாணங்கள். ஒரே அரசியல் யாப்பு, ஒரே உச்ச நீதிமன்றம். அங்கேயே ஒற்றை வழி அரை நூற்றாண்டுக்கு விலை நிர்ணயித்தது என்றால், யாப்பும் நீதிமன்றமும் பொதுவாக இல்லாத நாடுகளிடையே நிலைமை எப்படி இருக்கும்? இன்னொன்றையும் மறக்கலாகாது. நீர்த்தேக்கத்துக்காக மூழ்கிய நிலம் இன்னு மக்கள் வேட்டையாடித் திரிந்த நிலம். கியூபெக் ஏமாற்றியது என்று நியூஃபவுண்ட்லாந்தார் குமுறிய அந்த அரை நூற்றாண்டில், எங்களை எவரும் கேட்கவில்லையே என்ற இன்னு மக்களின் குரல் எவ்வளவு தாமதமாகக் கேட்டது! மின்சாரப் பேரத்தில் ஏமாந்தவனுக்கும் கீழே ஒருவன் இருப்பான்.

3. தராசு பார்ப்பவர்

2003 ஓகஸ்ட் 14 ஆம் திகதி மாலை இந்த நகரமே இருண்டது. ஒகையோவில் மரக்கிளைகள் உரசித் தொடங்கிய கோளாறு ஒன்று மணித்தியாலங்களுக்குள் அமெரிக்க மாநிலங்கள் பலவற்றையும் ஒன்ராறியோவையும் வீழ்த்தியது. ஏறத்தாழ ஐந்து கோடி மக்கள் இருட்டில் இருந்தனர். அயலவன் வீட்டு மரம் வெட்டாத குற்றத்துக்கு நம் வீடு இருண்டது என்று சொல்லலாம். ஆனால் அதன் பின் நடந்தது கவனத்துக்குரியது. இரு நாடுகளும் கூட்டு விசாரணைக் குழு அமைத்தன. தவறு எங்கே என்று பெயர் குறித்து அறிக்கை எழுதின. அதுவரை விருப்பத்தின் பேரில் இருந்த மின்வலைப் பாதுகாப்பு விதிகளை 2005 இல் அமெரிக்கா சட்டத்தால் கட்டாயமாக்கியது. 'லாம்' என்றிருந்தது 'வேண்டும்' ஆயிற்று.

சந்தை என்ற பெயருக்குத் தகுதியானது நோர்வேயும் சுவீடனும் 1996 இல் தொடங்கிய கூட்டு மின்சந்தை. இரு அரசுகளின் மின்கடத்தல் நிறுவனங்களும் அதைப் பாதிக்குப் பாதி வைத்திருந்தன. பின்லாந்தும் டென்மார்க்கும் பின்னர் சேர்ந்தன. அங்கும் சச்சரவு இல்லாமல் இல்லை. அயலவருக்கு விற்பதால் உள்ளூரில் விலை ஏறுகிறது என்ற கோபம் நோர்வே அரசியலை உலுக்குகிறது. 2025 ஜனவரியில் ஐரோப்பிய மின்சார விதிகளை ஏற்பதா என்ற தகராறில் ஆளும் கூட்டணியே உடைந்தது. ஆனால் அந்தச் சச்சரவு நாடாளுமன்றத்தில், விதிகள் எல்லோர் முன்னும் விரிந்திருக்க, நடக்கிறது.

எங்கள் பக்கத்தில்? ஜார்க்கண்டின் கொட்டாவில் அதானி குழுமம் கட்டிய 1600 மெகாவாற் நிலக்கரி நிலையம் முழுக்க முழுக்கப் பங்களாதேஷுக்கென்றே கட்டப்பட்டது. 2017 இல் 25 ஆண்டுக்கு ஒப்பந்தம். 2023 இல் மின்சாரம் வரத் தொடங்கியது. கரி இறக்குமதி, விலை டொலரில். 2024 ஓகஸ்டில் டாக்காவில் ஆட்சி கவிழ்ந்தது. சில நாட்களுக்குள் இந்தியா தன் விதியைத் திருத்தி, அந்த நிலையம் இந்தியாவுக்குள்ளும் விற்கலாம் என்றது. அதே ஆண்டு ஒக்ரோபர் இறுதியில், பல நூறு மில்லியன் டொலர் நிலுவைக்காக, வழங்கல் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைக்கப்பட்டது. கடன்பட்டவன் கொடுக்கத்தான் வேண்டும், அதில் வாதமில்லை. ஆனால் விற்பவனே தராசையும் படலைத் திறப்பையும் வைத்திருக்கும் இடத்தில், ஒப்பந்தத்தின் விலைச் சூத்திரமே நியாயமற்றது என்று வாங்குபவன் எங்கு போய் முறையிடுவான்?

4. படலையைப் பூட்டுதல்

பலமானவன்தான் ஆளியை ஆயுதமாக்குவான் என்பதுமில்லை. 2025 மார்ச் 10 இல் ஒன்ராறியோ முதல்வர் டக் ஃபோர்ட், நியூயோர்க், மிச்சிகன், மினசோட்டா மாநிலங்களுக்குப் போகும் மின்சாரத்தின் மீது 25 வீத மேலதிகக் கட்டணம் விதித்தார். தேவைப்பட்டால் மின்சாரத்தை முற்றாக நிறுத்தவும் தயங்கேன் என்றார். அமெரிக்க ஜனாதிபதி உருக்கு, அலுமினியத் தீர்வையை இரட்டிப்பாக்குவதாக மிரட்டினார். மறுநாளே கட்டணம் இடைநிறுத்தப்பட்டது. எங்கள் தொழிற்சாலையில் அன்று பலர் ஃபோர்டுக்குக் கை தட்டினார்கள். எனக்கும் உள்ளூர ஒரு திருப்தி இருந்தது. ஆனால் நூறாண்டுக்கு மேலாக நயாகராவின் இரு கரைகளும் பரிமாறிவந்த மின்சாரம் ஒரு பத்திரிகையாளர் கூட்டத்தில் ஆயுதமாகலாம் என்றால், அயலில் எந்தக் கம்பியும் அப்படி ஆகலாம்.

1990 ஜூனில் போர் மீண்டபோது வடக்குக்கு வந்த மின்சாரம் நின்றது. கம்பியை யார் அறுத்தார், தூணை யார் சாய்த்தார் என்ற வழக்குக்குள் இங்கு போகவில்லை. எரிபொருளும் பற்றரியும் தடைப் பட்டியலில் ஏறின. ஜாம் போத்தல் விளக்கில் படித்துப் பரீட்சை எழுதிய தலைமுறை எங்களுடையது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுழற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டோம். பின்னர் டீசல் இயந்திரங்களிலிருந்து பகுதி பகுதியாக மின்சாரம் வந்தது. தேசிய மின்வலையோடு குடாநாடு மீண்டும் இணைந்தது போர் முடிந்து சில ஆண்டுகளின் பின்னரே. ஆகவே ஆளி டில்லியிடம் போய்விடும் என்று கொழும்பிலிருந்து எழுப்பப்படும் இறைமைக் கூக்குரலுக்கு எங்களிடம் ஒரு பதில் கேள்வி உண்டு: அது கொழும்பில் இருந்தபோது எங்களுக்கு என்ன நடந்தது?

இக்கேள்வியை இந்தியக் கம்பிக்கான வக்காலத்தாக எவரும் எடுத்துக்கொள்ளக்கூடாது. ஒருவர் கையிலிருந்த ஆளி இன்னொருவர் கைக்கு மாறுவதை விடுதலை என்று சொல்லமுடியாது.

5. தூண் நடப்படும் ஊர்

இனித் தீவுக்கு வருவோம். கம்பியின் தேவை பொய்யல்ல. 2022 மார்ச் இறுதியில் எரிபொருள் வாங்க டொலர் இல்லாமல் நாளுக்கு 13 மணித்தியால மின்வெட்டு வந்தது. 2025 பெப்ரவரி 9, ஞாயிறு மத்தியானம், பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததில் நாடே இருண்டது. குரங்கைப் பகிடி பண்ணியவர்கள் காரணத்தைக் கவனிக்கவில்லை. ஞாயிறு என்பதால் கேள்வி குறைவு, வெயில் மின்சாரம் மிகுதி. அந்தச் சின்ன வலையால் ஓர் அதிர்ச்சியைத் தாங்க முடியவில்லை. அடுத்து வந்த ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில், பகல் வேளைகளில் உங்கள் கூரைச் சூரிய மின்சாரத்தை நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபை வீட்டுக்காரரைக் கேட்டுக்கொண்டது. வெயில் மிஞ்சி, விற்க இடமில்லாத நிலை. ஒரு கம்பி இருந்தால் மதுரையில் அதற்கு வாங்க ஆள் இருக்கும். இலங்கையின் உச்சக் கேள்வி 2024 இல் 3000 மெகாவாற்றுக்குக் கீழே. இந்தியாவின் உச்சம் அதே ஆண்டு மே மாதத்தில் இரண்டரை இலட்சம் மெகாவாற்றைத் தொட்டது. சிறியவனின் மிச்சம் பெரியவனுக்கு ஒரு துளி. பெரியவனின் துளி சிறியவனுக்கு உயிர். சந்தை வேண்டும் என்பதற்கான உண்மையான காரணமும், அதிலுள்ள உண்மையான ஆபத்தும் இந்த ஒரே கணக்கில் இருக்கின்றன.

ஆனால் இந்தக் கணக்கில் வடக்கும் கிழக்கும் எங்கே? பழைய திட்டப்படி கம்பி மதுரையிலிருந்து அநுராதபுரத்துக்கு, கடலுக்கடியில் சுமார் 50 கிலோமீற்றர். எந்தத் திட்டத்தை எடுத்தாலும் கடலைத் தாண்டிக் கால் வைக்கும் இடம் எங்கள் கரைதான். மின்சாரத்தின் பெயரால் அங்கு ஏற்கெனவே நடந்தவற்றை வரிசைப்படுத்திப் பார்க்கலாம்.

சம்பூர் மக்கள் 2006 இல் இடம்பெயர்ந்தார்கள். அவர்கள் முகாம்களில் இருக்கையிலேயே அவர்களது பிரதேசத்தில் 500 மெகாவாற் இந்திய நிலக்கரி நிலையத்துக்கு ஒப்பந்தமானது. 2016 இல் அது கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் அதே சம்பூரில் 120 மெகாவாற் சூரிய மின் திட்டம் தொடக்கி வைக்கப்பட்டது. சுன்னாகத்தில் டீசல் நிலையத்தின் கழிவெண்ணெய் கிணறுகளில் மிதந்ததை 2015 இல் உலகமே பார்த்தது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளுக்கான சிறு மின்திட்டம் 2021 ஜனவரியில் சீன நிறுவனத்துக்குக் கிடைத்தது. இந்தியா ஆட்சேபித்தது, சீனா விலகியது, 2022 இல் இந்திய நன்கொடைத் திட்டம் வந்தது. இரண்டு வல்லரசுகள் மல்லுக்கட்டியது ஏறத்தாழ இரண்டே இரண்டு மெகாவாற்றுக்கு! மன்னாரிலும் பூநகரியிலும் அதானி குழுமத்துக்கு 484 மெகாவாற் காற்றாலைகள், யூனிற் 8.26 அமெரிக்க சதம் என்று 2024 இல் இணங்கப்பட்டது. மன்னாரின் இன்னொரு காற்றாலைக்குத் திறந்த கேள்விப்பத்திரத்தில் 5 சதத்துக்கும் குறைவாக விலை வந்தது. 2025 பெப்ரவரியில் அதானி விலகியது. ஆனால் காற்றாலைத் திட்டங்கள் நிற்கவில்லை. அதே ஆண்டு ஓகஸ்டிலிருந்து மன்னார் மக்கள் வீதியில் இருந்தார்கள். வெள்ளம் வடியாத மண், வலசை வரும் பறவைகள், கரைவலைப்பாடு ஆகியவைதான் அவர்கள் பேசியவை. புவிசார் அரசியல் அல்ல.

இந்த ஊர்களுக்குப் பொதுவானது ஒன்றே. ஒப்பந்தக்காரர் மாறினார்கள், எரிபொருள் மாறியது, அரசாங்கங்கள் மாறின. கேட்கப்படாதவர்கள் மாறவில்லை. 2024 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க மின்சாரச் சட்டமும் 2025 ஆம் ஆண்டின் திருத்தமும் மின்சார சபையைப் பல அரச கொம்பனிகளாகப் பிரிக்க வழிசெய்தன. கம்பி நிலத்தில் இறங்கும் மாகாணத்துக்கு அவற்றில் என்ன குரல் என்று கேட்டால் சட்டம் மௌனம்.

சந்தையின் செலவை யார் சுமக்கிறார்கள் என்பதை விலைப்பட்டியல் சொல்லாது. இங்கு ஒன்ராறியோவில் பெரிய தொழிற்சாலைகளின் மின்கட்டணத்தில் ஒரு பங்கு, ஆண்டின் மிக உச்சமான ஐந்து மணித்தியாலங்களில் அவை எவ்வளவு இழுத்தன என்பதைப் பொறுத்தது. ஆகவே வெக்கை கூடிய ஜூலைப் பிற்பகல்களில், நான் வேலை செய்யும் இடத்தில் இயந்திரங்களை நிறுத்திவிடுவார்கள். பொருளியல் விரிவுரையாளனாக இருந்தபோது இதைத்தான் 'கேள்வியின் விலை நெகிழ்ச்சி' என்று கரும்பலகையில் வளைகோடு கீறிப் படிப்பித்தேன். அந்த வளைகோட்டின் ஒரு புள்ளியில், மணித்தியாலக் கூலி வெட்டப்பட்டு நேரத்தோடு வீட்டுக்கு அனுப்பப்படும் ஆட்கள் நிற்கிறார்கள் என்பதைத் தொழிற்சாலையில்தான் கண்டேன்.

ஆகவே எங்கள் நிலைப்பாடு கம்பி வேண்டுமா வேண்டாமா என்பதாக இருக்கத் தேவையில்லை. கம்பி வரட்டும். அதற்கு முன் நான்கு விடயங்கள் எழுத்தில் வரவேண்டும். ஒப்பந்தத்தின் வாசகம் மூன்று மொழிகளிலும் கையெழுத்துக்கு முன்னர் வெளியிடப்படவேண்டும். 2025 ஏப்ரலில் அது நடக்கவில்லை. நிலுவைக்காகவோ அரசியலுக்காகவோ ஆளியை அமத்துவதற்கு முன் எவ்வளவு கால அவகாசம், எந்த நடுவர் என்பது 'லாம்' இல்லாத மொழியில் இருக்கவேண்டும். விற்கவும் வாங்கவும் இரு திசையிலும் ஒரே விதி வேண்டும். மன்னார்க் காற்றுக்கு ஒரு விலையும் தமிழ்நாட்டுக் காற்றுக்கு வேறொரு விலையும் என்றால் காரணம் பகிரங்கமாகச் சொல்லப்படவேண்டும். தூண் நடப்படும் ஊருக்கு, நிலத்தின் மீதும் வருமானத்தின் மீதும் சட்டப்படியான பங்கு வேண்டும்.

இவை நடக்கிற காரியமா என்று சில நண்பர்கள் கேட்பார்கள். 1969 இல் லாப்ரடோரிலும் இதைக் கேட்டிருப்பார்கள். நடக்காத காரியம் என்று விட்டதற்கு அங்கு ஐம்பத்தைந்து ஆண்டுகள் விலை கொடுத்தார்கள். மன்னார்க் கடலில் இன்னும் கம்பி இறங்கவில்லை. ஒப்பந்தத்தை வாசிக்கவும் திருத்தவும் கேட்கவும் உள்ள காலம் கம்பி இறங்குவதற்கு முந்திய காலந்தான்.